சம்பந்தியோடு பினாங்கில் சாப்பிடப் போனேன்

போன பங்குனியில் பினாங்குக்குப் போய் வந்தேன். கோயில் பார்க்கவோ கடல் பார்க்கவோ போகவில்லை. சாப்பிடப் போனேன். அதுவும் எனக்காக இல்லை, என் சம்பந்திக்காக.

என் மகள் செல்வியும் மாப்பிள்ளையும் பினாங்குத் தீவில், விமான நிலையத்துப் பக்கம் இருக்கிற ஃபேக்டரிகளில் வேலை செய்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆத்தூரில் தனியாக இருந்தார். சம்பந்தியம்மா தவறியதிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. தை மாதம் ஒரு நாள் பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதில் இல்லையே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மனுஷன் அடுப்படியில் மயங்கிக் கிடக்கிறார். வயிற்றில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாப்பிள்ளை பதறிப்போய் ஓடி வந்து கையோடு பினாங்குக்குக் கூட்டிப் போனார்.

அங்கே போய் ஒரு மாதம் ஆகவில்லை. "இந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கல, நான் ஊருக்கே போறேன்" என்று ஒரே பிடிவாதம். மாப்பிள்ளை வேறு வழி தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அப்போதுதான் செல்வி எனக்குப் போன் பண்ணினாள்.

"அப்பா, நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். நீங்க மாமாவை ஊருக்குள்ள கூட்டிட்டுப் போங்க. ஏதாவது ஒரு கடை, ஒரு சாப்பாடு அவருக்குப் பிடிச்சாப் போதும், இருந்துடுவாரு. திரும்பிப் போனா அந்த வீட்டுல மறுபடியும் அடுப்படியில விழுந்து கிடப்பாரு."

"நான் பொண்ணைக் குடுத்தவன் சாமி. மாப்பிள்ளையோட அப்பாவைப் போய்ச் சாப்பிடுங்கன்னு அதட்ட முடியுமா?"

"அதட்டாதீங்க. ஏமாத்திச் சாப்பிட வைங்க."

சரி என்றேன். அவர் திரும்புகிற அதே ஞாயிற்றுக்கிழமை விமானத்திலேயே எனக்கும் திரும்பும் டிக்கெட். புதன்கிழமை போய் இறங்குவது, வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் சாப்பிடுவது, ஞாயிறு கிளம்புவது. அதற்குள் அவர் மனசு மாறினால் நான் மட்டும் திரும்புவேன். மாறாவிட்டால் இரண்டு பேரும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நாமக்கல்லில் முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் படிக்கிற இந்த இணையப் பக்கம் செல்வி ஆரம்பித்தது. நான் போனில் பேசி அனுப்புவேன், அவள் எழுதிப் போடுவாள். இதில் அவளைப் பற்றியும் கொஞ்சம் வருகிறது. செல்வி, அதை நீ வெட்டக் கூடாது.

இப்போது செலவுக் கணக்கு, போகிறவர்களுக்கு உதவும். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேராக விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. போக வர எனக்கு 18,300 ரூபாய். நம் பாஸ்போர்ட்டுக்கு இப்போது விசா கேட்பதில்லை. ஆனால் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் போனிலேயே ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். போகிற நேரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் காசு ரிங்கிட். அங்கே நம் ஆட்கள் 'வெள்ளி' என்கிறார்கள். ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று நான் மனசில் வைத்துக்கொண்டேன், உண்மையில் அதற்கும் கொஞ்சம் மேலே.

பிள்ளைகள் காசில் ஊர் சுற்றுவது எனக்கும் பிடிக்காது, சம்பந்திக்கும் பிடிக்காது. அதனால் பஸ், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு ஐம்பது வெள்ளி, அதற்கு மேல் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கிளம்பினோம். தீவின் டவுன் பகுதி ஜார்ஜ் டவுன், அங்கே போகப் பதினைந்து கிலோமீட்டர். 401ஆம் நம்பர் பஸ், ஆளுக்கு 2.70 வெள்ளி. சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் காசைப் போட வேண்டும், மீதி கிடைக்காது.

சம்பந்தி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர்.

"ஏன் சம்பந்தி, கண்டக்டர் எங்க?"

"இந்த ஊர் பஸ்ல கண்டக்டர் கிடையாதாமுங்க."

"அப்ப படியில நிக்கற ஆளை உள்ள தள்றது யாரு?"

பஸ்ஸில் பாதி சீட் காலி. ஆனாலும் அவர் உட்காரவில்லை. கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்தார், வேலையில் இருப்பதுபோல. நடு வழியில் காலேஜ் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஏறி, கதவுப் பக்கமே கும்பலாக நின்றார்கள். இவர் கையை நீட்டி, "உள்ள போப்பா, உள்ள போ. நடு பஸ்ஸு காலியாக் கெடக்கு" என்றார். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அந்தக் கை தெரிந்தது. எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நான் வந்து இறங்கினதிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கொம்தார் என்கிற உயரமான கட்டடத்துக்குக் கீழே இறங்கினால் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கிற தூரம். நான் கடை தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டிய காலத்தில், எந்தக் கடை முன்னால் வண்டிகள் அவசரத்தில் கோணல்மாணலாக நிற்குமோ அங்கேதான் நிறுத்துவேன். பினாங்கிலும் அதேதான் செய்தேன். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்த ஒரு நாசி கண்டார் கடைக்குள் நுழைந்தோம். நாசி கண்டார் என்றால் சோறும் பல வகைக் குழம்பும். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடிபோலத் தோளில் தூக்கி விற்றது என்கிறார்கள். கரண்டி பிடித்திருந்தவர் தமிழிலேயே கேட்டார்.

"வாங்கண்ணே. கோழியா, ஆடா, மீனா? குழம்பு வெள்ளமா விடவா?"

"வெள்ளமான்னா?"

"எல்லாச் சட்டியிலயும் ஒரு கரண்டி மோந்து ஊத்துவேன். அதான் இங்க டேஸ்ட்டு."

நான் வெள்ளமாகவே வாங்கினேன். கோழி, வெண்டைக்காய், ஐந்து குழம்பு, 10.50 வெள்ளி. கோழிக்குழம்பும் மீன்குழம்பும் பருப்பும் ஒன்றாகக் கலந்தால் கெட்டுப் போகாதா என்று நினைத்தேன். கெடவில்லை. சம்பந்தி ஒரு முட்டை, கொஞ்சம் முட்டைக்கோஸ் மட்டும் வாங்கினார், 6.50. டீ ஆளுக்கு இரண்டு வெள்ளி.

உட்கார்ந்த பிறகுதான் சங்கடம். சம்பந்தி முறை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

"நீங்க கை வைங்க சம்பந்தி."

"மொதல்ல நீங்க."

"அதெப்படிங்க, பெரியவங்க நீங்க இருக்கறப்ப?"

"எம் பையன் ஊருக்கு வந்திருக்கீங்க. நீங்கதான் விருந்தாளி."

இப்படியே பேசிக்கொண்டிருந்ததில் குழம்பின் மேல் ஏடு படிந்துவிட்டது. அவர் நாலு வாய் சாப்பிட்டார். பிறகு சோற்றைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டால், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்கிறார். காசு கொடுக்கும்போது மட்டும் பலம் வந்துவிட்டது. என் கையை அப்படியே மடக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நோட்டை நீட்டினார். நான் அவர் கைக்கு அடியில் என் நோட்டை நுழைத்தேன். கல்லாவில் இருந்தவர் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, "சண்டை முடிஞ்சதும் கூப்பிடுங்கண்ணே" என்று அடுத்த ஆளுக்குக் கணக்குப் போடப் போய்விட்டார்.

அன்றைக்கு மொத்தச் செலவு 31.80. சம்பந்தி வயிற்றுக்குள் போனது நாலு வாய்.

வெள்ளிக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் போனோம். ரொட்டி சானாய் ஒன்று 1.60. நம் பரோட்டாவைவிட மெல்லிசு, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. சம்பந்தி அதைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், பாதிகூட உள்ளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மிச்சம் இருப்பது இந்த ஒரு பகலும் நாளைக்கும்தான். அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். செல்வி அழாக்குறையாகச் சொன்னதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு, நாலு பக்கமும் திறந்த ஒரு பெரிய சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போனோம். இங்கே நடைமுறை வேறு, கவனமாகக் கேளுங்கள். கொட்டகைக்குள் பத்துப் பன்னிரண்டு தள்ளுவண்டிக் கடைகள், ஆளுக்கு ஒரு பலகாரம். மேஜை எல்லாருக்கும் பொது. முதலில் மேஜை பிடிக்க வேண்டும். பிறகு வேண்டிய கடைக்குப் போய் மேஜை நம்பரைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர்களே கொண்டு வருவார்கள். தட்டை வைத்ததும் காசு. குடிக்கிறதற்கு மட்டும் தனி ஆள் வந்து கேட்பார். குடிக்க ஒன்றும் சொல்லாவிட்டால் சில இடங்களில் ஆளுக்கு ஐம்பது காசு சேர்த்து வாங்குவார்கள்.

எங்கள் மேஜைக்கு வந்தது ஒரு தமிழ் அக்கா. ஐம்பது வயசு இருக்கும், இடுப்பில் காசுப் பை.

"தண்ணி என்ன வேணும்ணே?"

"இங்க என்ன விசேஷம் அக்கா?"

"ஜாதிக்கா தண்ணி குடிங்கலா. பினாங்கு வந்துட்டு அதக் குடிக்காமப் போனா எப்படி?"

அங்கே பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறார்கள். இரண்டு சொன்னோம், ஒன்று 2.50. புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது. பிறகு நான், "கை கழுவிட்டு வர்றேனுங்க" என்று எழுந்து, கழுவுகிற இடத்துக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு லக்சாக் கடைக்குப் போனேன். காசுச் சண்டை வராமல் முந்திக்கொள்ளலாம் என்று திட்டம். கடைக்காரச் சீனப் பாட்டியம்மாவிடம் மேஜையைக் கை காட்டி, இரண்டு விரலை நீட்டி, காசையும் அப்போதே கையில் திணித்தேன். ஒன்று ஏழு வெள்ளி. திரும்பி வந்தால் சம்பந்தியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து வந்தார்.

"எங்க போனீங்க?"

"சும்மா, காலாற நடந்துட்டு வந்தேன்."

பத்து நிமிஷத்தில் லக்சா வந்தது. ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம். நான் அவரைப் பெருமையாகப் பார்த்தேன். அவரும் என்னை அதே மாதிரி பார்த்தார். மூன்றாவது கிண்ணம் வந்தது. நாலாவதும் வந்தது. பாட்டியம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, சீனத்தில் என்னவோ சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

"நீங்களும் சொன்னீங்களா?"

"நீங்களுமா?"

"காசு?"

"குடுத்துட்டேனே."

"நானுந்தான் குடுத்துட்டேன்."

இருபத்தெட்டு வெள்ளி. அன்றைய கணக்கில் பாதிக்கு மேல் அந்த மேஜையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னண்ணே, நாலு பேரா? மத்த ரெண்டு பேரு எங்க? எனக்குத் தெரியாம ஆவிக்குப் படையல் வெக்கிறீங்களா?"

சம்பந்தி நெளிந்தார். "இல்லம்மா. இவர் எனக்கும் சேத்து வாங்கினாரு, நான் இவருக்கும் சேத்து வாங்கினேன்."

"அண்ணன் தம்பியா?"

"சம்பந்தி."

"அதான பாத்தேன்! அண்ணன் தம்பியா இருந்தா ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டிட்டு ஓடியிருப்பீங்க." பக்கத்து மேஜைக்காரர்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள். "ரெண்டு கிண்ணத்துல கை வெக்காதீங்க. நான் தாப்பாவ் பண்ணித் தர்றேன்." தாப்பாவ் என்றால் பார்சல். குழம்பைத் தனிப் பையிலும் நூடுல்ஸைத் தனியாகவும் வடித்துக் கட்டிக் கொடுத்தாள். அதற்கு ஒரு காசு வாங்கவில்லை.

மிச்சம் ஆளுக்கு ஒரு கிண்ணம். லக்சா என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீனை வேகவைத்து உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பு. அதற்குள் விரல் மொத்தத்துக்கு வெள்ளை நூடுல்ஸ், அரிசியில் செய்தது. மேலே வெங்காயம், புதினா, அன்னாசிப் பழம், மிளகாய். ஒரு கரண்டியில் கறுப்பாக, இறாலில் செய்த ஒரு விழுது வைத்துத் தருவார்கள். நான் என் கிண்ணத்தில் அந்த விழுதைக் கலக்கினேன். குழம்பின் நிறமே மாறியது, வாசனை தூக்கியது.

சம்பந்தி எட்டிப் பார்த்தார். "அது என்ன, கறுப்பா?"

"தெரியலீங்க. பாருங்க" என்று யோசிக்காமல் என் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டேன்.

அவர் தன் கரண்டியை என் கிண்ணத்துக்குள் விட்டு ஒரு வாய் எடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாய் வைத்துக் குடித்த கிண்ணம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என் எச்சில் கிண்ணம்! கல்யாண வீட்டில் இவர் இலைக்கு எதிரே நின்று பரிமாறினவன் நான். ஐயோ என்று கிண்ணத்தை இழுக்கப் போனேன். அவர் விடவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். அப்புறம் இன்னொன்று. நான் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு நானும் என் பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்தேன். என் கிண்ணம் காலியானதும் அவராகவே தன் கிண்ணத்தை நகர்த்தி நடுவில் வைத்தார். அதுவும் காலியானது. கடைசியாக அடியில் இருந்த மீன் துண்டை எனக்கா அவருக்கா என்று ஒரு சண்டை. அதில் மட்டும் நான் ஜெயித்தேன், அவருக்கே போனது.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர்தான் ஆரம்பித்தார்.

"சர்வீஸ்ல இருந்த வரைக்கும் டிரைவரும் நானும் ஒரே பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுத்தான் தின்னோம். ரிட்டயர் ஆனப்புறம் அவ கூட. அவளும் நானும் ஒரே தட்டு, சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும். இப்பத் தனியா ஒரு தட்டை எம் முன்னாடி வெச்சாத் தொண்டையில இறங்க மாட்டேங்குது சம்பந்தி. ஊர்ச் சாப்பாடு மேல பழியப் போடறேன். ஊரு என்ன பண்ணும்?"

"வீட்டுல செல்வி நல்லாத்தானுங்க சமைக்கறா?"

"தங்கம் மாதிரி சமைக்குது. மாமாவுக்குன்னு மொதல்ல தனியா எடுத்து வெச்சு, பரிமாறிட்டு, மரியாதையா உள்ள போயிருது. பையன் ஷிப்ட் முடிஞ்சு ஒன்பது மணிக்கு வர்றான். நான் அந்த மேஜையில செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அந்த மரியாதையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியதே நாங்கள்தான். வந்த நாளிலிருந்து நானும், "சம்பந்தி மொதல்ல சாப்பிடட்டும், நாம அப்புறம்" என்று சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குச் செலவு ஐம்பத்தொரு வெள்ளி, கணக்கைத் தாண்டி ஒரு வெள்ளி. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் செலவான காசு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போனேன்.

"ஏஞ்சாமி, தட்டு எத்தனை எடுத்து வெச்சிருக்கறே?"

"ஒண்ணுப்பா, மாமாவுக்கு."

"மூணு எடு."

"மாமா முன்னாடி நானா? அத்தை இருந்தப்பவே நான் உக்காந்ததில்லப்பா. என்ன நினைப்பாரு?"

"என்ன வேணா நினைக்கட்டும். வா."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவள் மாதிரி. சம்பந்தி அவளையும் மூன்று தட்டையும் பார்த்தார். பீன்ஸ் பொரியல் கிண்ணத்தை எடுத்து முதலில் அவள் தட்டில் ஒரு கரண்டி வைத்தார். அப்புறம்தான் தனக்கு. மோர் ஊற்றும்போது, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றார். செல்வி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே சொல்ல மாட்டேன், அவள் நிச்சயம் வெட்டிவிடுவாள். ஒன்பது மணிக்கு வந்த மாப்பிள்ளை இரண்டு பார்சல் லக்சாவையும் சுடவைத்துத் தனி ஆளாகத் தீர்த்தார்.

சனிக்கிழமை சம்பந்தி கவிச்சி தொட மாட்டார். பினாங்கில் சைவமாகச் சாப்பிட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு நாளே பதில். இந்த முறை சட்டம் மாறிவிட்டது: எது வாங்கினாலும் ஒன்று மட்டும், கரண்டி இரண்டு. காசு, காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் நான்.

தோசை ஒன்று 2.50, பிய்த்துப் பிய்த்து இரண்டு பேரும். அங்கே தோசையைத் 'தோசாய்' என்கிறார்கள், ருசி அதேதான். உளுந்து வடை இரண்டு, 2.40. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி இடியாப்பம் விற்கிற ஒருவரிடம் ஒரு பொட்டலம், 3 வெள்ளி; தேங்காய்ப் பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தருகிறார். ரோட்டோரம் சின்னச் சின்னச் சட்டிகளில் அப்பம் சுடுகிற அம்மாவிடம் ஒன்று ஒரு வெள்ளி என்று நாலு. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி முறுகல், நடுவில் மெத்து. டீ இரண்டு, 4 வெள்ளி. கடைசியாகச் செண்டோல் ஒரு கிண்ணம், 5 வெள்ளி: பொடித்த பனிக்கட்டி, தேங்காய்ப் பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் புழு மாதிரி நெளிகிற மாவு. பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சம்பந்தி, "நெளியுதுன்னு விட்டா நமக்குத்தான் நட்டம்" என்று பாதிக்கு மேல் அவரே தின்றுவிட்டார். பஸ்ஸையும் சேர்த்து அன்றைக்கு 31.70 வெள்ளி. ஐந்தாறு இடம், வயிறு நிறைய.

ஆனால் ஊருக்குப் போவதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டி வைத்த அவர் பெட்டி மூலையில் நின்றது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்தால் அவர் குளித்து, வேட்டி கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தார். என்னோடு கிளம்பத்தான் என்று நினைத்தேன். மாப்பிள்ளை காரில் என் பையை வைத்துவிட்டு, அப்பாவின் பெட்டியையும் தூக்கப் போனார்.

"அது கெடக்கட்டும்டா" என்றார் சம்பந்தி. "அந்த டிக்கெட்டுக் காசு திரும்பி வருமா?"

"வராதுப்பா."

"ஒரு பைசாகூடவா?"

"ஒரு பைசாகூட வராது."

முப்பத்தொரு வருஷம் அரை டிக்கெட்டுக்காகக் குழந்தையின் வயசைக் கேட்டுச் சண்டை போட்ட மனுஷன். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். பிறகு, "போய்த் தொலையட்டும்" என்று காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என்னை வழியனுப்புவதற்கு. பின் சீட்டில் செல்வி என் கையைப் பிடித்தவள் விமான நிலையம் வரைக்கும் விடவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழை நினைத்த நேரத்தில் கொட்டும், குடை வையுங்கள். மத்தியான வெயிலில் நடக்காதீர்கள். ஊருக்குள் இலவசமாகச் சுற்றுகிற பஸ் ஒன்று நாங்கள் போனபோது ஓடியது, விசாரித்து ஏறிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாது, மொழி தெரியாது என்று பயப்பட வேண்டாம். பக்கத்து மேஜையைக் காட்டினால் அதே வரும். சைவக்காரர்கள் குழம்பில் மீனோ இறாலோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள், அந்த ஊரில் எதற்குள்ளும் இறால் ஒளிந்திருக்கும். எதையும் முழுத் தட்டாக வாங்காதீர்கள். ஒன்றை வாங்கிப் பங்கு போட்டால்தான் காசும் மிஞ்சும், அடுத்த கடைக்கு வயிற்றில் இடமும் மிஞ்சும். அதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். யாராக இருந்தாலும் சரி. முறை பார்க்காதீர்கள்.

போன வாரம் சம்பந்தி போன் பண்ணினார். சத்தமே தெம்பாக இருந்தது.

"சாப்பிட்டாச்சுங்களா?" என்றேன்.

"ஆச்சு சம்பந்தி. ராத்திரிக்கு வீட்டுல மருமகளோட. பகலுக்கு ஒரு சீனப் பெரியவர் கிடைச்சிருக்காரு."

"கிடைச்சிருக்காருன்னா?"

"தட்டுக்கு. நம்ம வீட்டுக்குக் கீழ இருக்கற காப்பிக் கடையில. அவரும் தனி ஆள்தான் போல. நடுவுல ஒரு தட்டை வெச்சுக்குவோம்."

"பேர் என்னங்க?"

"யாருக்குத் தெரியும்? அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. ஒரு நாள் அவர் வாங்கறாரு, ஒரு நாள் நான் வாங்கறேன்."

"காசு குடுக்கறதுல சண்டை வரலீங்களா?"

"எதுக்கு வருது?" என்றார். "அவர் என்ன, சம்பந்தியா?"